மழை செய்தது எவ்வளவு, நாம் செய்தது எவ்வளவு?

அன்புள்ள அக்கா,

எனக்குக் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்து ஊர். புவியியலில் எம்.ஏ. முடித்திருக்கிறேன். ஒன்றிய அரசின் ஒரு துறையில் பருவநிலை மாற்றமும் நீர்வளக் கொள்கையும் என்ற தலைப்பில் மூன்று மாத இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது. டெல்லியில் தங்க வேண்டும், உதவித்தொகை கிடையாது. அப்பா தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். "தண்ணியப் பத்திப் படிக்க டெல்லி எதுக்கு, வாய்க்கால் மேட்டுல வந்து நில்லு" என்கிறார். அங்கே போய் ஃபைல் தூக்குவதோடு முடிந்துவிடுமோ என்று எனக்கும் பயம். போகலாமா? போவதென்றால் எதைப் படித்துவிட்டுப் போக வேண்டும்?

எம்., சித்தூர் தாலுகா, பாலக்காடு

அன்புள்ள எம்.,

போகலாம். முதலில் காசு விஷயத்தைப் பேசிவிடுவோம். அரசு இன்டர்ன்ஷிப்கள் பலவும் சம்பளமில்லாதவைதான், நிதி ஆயோக்கிலும் அப்படித்தான். முடித்ததும் வேலை போட்டுக் கொடுப்பார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், சான்றிதழோடு சரி. டெல்லி வாடகையும் சாப்பாடும் வீட்டுக்குப் பாரமென்றால் கோழிக்கோட்டில் சி.டபிள்யூ.ஆர்.டி.எம். என்கிற நீர்வள மையம் இருக்கிறது, அங்கே விசாரித்துப் பாருங்கள். கடன் வாங்கிக்கொண்டு போகும் அளவுக்கு இது ஒன்றும் பெரிய விஷயமில்லை.

ஃபைல் தூக்கத்தான் வேண்டியிருக்கும். அறிக்கைகளைச் சுருக்குவது, அட்டவணை போடுவது, அதிகாரியின் கூட்டத்துக்கு ஸ்லைடு தயாரிப்பது என்று நாள் போகும். கொள்கையை எழுதச் சொல்லி உங்களை யாரும் கூப்பிடப்போவதில்லை. ஆனால் சுருக்கும்போது செய்ய ஒரு வேலை இருக்கிறது. பருவநிலை மாற்றம் என்ற தலைப்பில் வந்து சேரும் ஒவ்வொரு தண்ணீர்ப் பிரச்சினையிலும், மழை செய்தது எவ்வளவு, மனிதர்கள் செய்தது எவ்வளவு என்று பிரித்து எழுதப் பழகுங்கள். அலுவலகங்களுக்கு இதில் பெரிய ஆர்வம் இருக்காது. வானத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை, பாருங்கள்.

உங்கள் தாலுகாவையே எடுத்துக்கொள்வோம். கேரளம் என்றால் ஆண்டுக்குச் சுமார் 3000 மி.மீ. மழை என்று பாடப்புத்தகத்தில் இருக்கும். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதிப் பக்கம் அதில் பாதிகூடப் பெய்யாது. மழைமறைவுப் பகுதி. இதைப் பருவநிலை மாற்றத்தின் கணக்கில் எழுத முடியாது, பாட்டன் காலத்திலும் அப்படித்தான். அதனால்தான் சித்தூர்ப் புழை ஆயக்கட்டு, தமிழகமும் கேரளமும் போட்டுக்கொண்ட பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தத்தை நம்பி இருக்கிறது. 1970-ல் கையெழுத்தாகி, 1958-லிருந்தே அமலுக்கு வந்ததாக எழுதிக்கொண்ட ஒப்பந்தம் அது. நீர் ஆண்டு ஜூலை 1-ல் தொடங்குகிறது. அடுத்த ஜூன் 30-க்குள் மணக்கடவு அணைக்கட்டில் தமிழகம் 7.25 டி.எம்.சி. கொடுக்க வேண்டும். 30 ஆண்டுக்கு ஒருமுறை மறுபரிசீலனை என்றும் அதில் உண்டு. அந்தக் கெடு எப்போதோ தாண்டிவிட்டது, பேச்சுதான் முடிந்தபாடில்லை.

இதில் மழையின் பங்கு எங்கே வருகிறது? 2016-ல் இரண்டு பருவமழையும் ஏமாற்றின, கேரளத்தின் 14 மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்களாக அறிவித்தார்கள். 2018 ஆகஸ்டில் வெள்ளம். இரண்டையும் கூட்டி வகுத்துப் பார்த்தால் தாளில் பெரிய குறை தெரியாது. ஆனால் வெள்ளமாக மணக்கடவைத் தாண்டி ஓடிய தண்ணீர், ஜனவரியில் கதிர் பிடிக்கும் ரெண்டாம் விளை நெல்லுக்கு எப்படி உதவும்? ஒப்பந்தம் போட்டவர்கள் தாங்கள் பார்த்த மழையை வைத்துப் போட்டார்கள், அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. எப்போது எவ்வளவு திறப்பது என்பதை இரு மாநிலக் கூட்டு நீர் ஒழுங்குமுறை வாரியம் உட்கார்ந்து பேசித் தீர்க்கிறது. மழை தள்ளிப்போகும் ஆண்டில், அல்லது ஒரே வாரத்தில் கொட்டித் தீர்க்கும் ஆண்டில், அந்தத் திறப்பு அட்டவணை எப்படி மாற வேண்டும்? இதுதான் நிஜமான பருவநிலைக் கேள்வி. 7.25 போதுமா போதாதா என்பது வேறு சண்டை, அதற்கு இரண்டு பக்கமும் ஆள் இருக்கிறார்கள்.

அப்புறம் மனிதர் பங்கு. உங்கள் தாலுகாவின் பிளாச்சிமடையில் கோகோ கோலா ஆலை 2000-ல் தொடங்கி 2004-ல் மூடியது. நீங்கள் கைக்குழந்தையாக இருந்திருப்பீர்கள். சுற்றுவட்டாரக் கிணறுகள் வற்றியதற்கு ஆலைத் தரப்பு மழைக்குறைவைக் காட்டியது, பெருமாட்டி பஞ்சாயத்து உறிஞ்சிய தண்ணீரைக் காட்டியது. 2003 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி நிலத்தடி நீர் மக்கள் சொத்து என்று பஞ்சாயத்தின் பக்கம் நின்றார். 2005-ல் அதே நீதிமன்றத்தின் டிவிஷன் பெஞ்ச் (இரு நீதிபதிகள் அமர்வு), மேலே சொன்ன அதே கோழிக்கோட்டு மையத்தின் அறிக்கையை வைத்து, நாளுக்கு 5 லட்சம் லிட்டர் எடுக்கலாம் என்றது. மழையா மனிதரா என்ற கேள்வி ஒரு கிராமத்தின் கிணற்றை எப்படித் தீர்மானிக்கிறது என்று பார்க்க இதைவிட நல்ல வழக்கு எனக்குத் தெரியவில்லை. இரண்டு தீர்ப்புகளையும் முழுதாகப் படியுங்கள்.

உங்கள் அப்பாவின் தோப்பும் இந்தக் கணக்கில் வரும், கோபித்துக்கொள்ள வேண்டாம். நெல்வயல் தென்னையாகி, தென்னைக்கு போர்வெல் இறங்கிய ஊர்தானே அது. நிலத்தடி நீர்க் கணக்கெடுப்புகளில் சித்தூர் வட்டாரம் திரும்பத் திரும்ப மோசமான பட்டியலில் வந்ததில் அந்த போர்வெல்களுக்கும் பங்குண்டு. 2022 செப்டம்பரில் பரம்பிக்குளம் அணையின் ஷட்டர் சங்கிலி அறுந்து, சேர்த்து வைத்த தண்ணீர் பெரிங்கல்குத்து வழியாகச் சாலக்குடி ஆற்றுக்குப் போனதே, அது வானம் செய்ததா என்ன?

படிக்க வேண்டியவை: 1987, 2002, 2012 தேசிய நீர்க் கொள்கைகள் மூன்றையும் வரிசையாகப் படித்தால் பருவநிலை என்ற பேச்சு எப்போது, எவ்வளவு உள்ளே வருகிறது என்று தெரியும். பருவநிலை மாற்றத்துக்கான 2008 தேசியச் செயல்திட்டத்தில் வந்த தேசிய நீர் இயக்கம் நீர்ப் பயன்பாட்டுத் திறனை 20 சதவீதம் கூட்டுவதாகச் சொன்னது. எதிலிருந்து 20 என்று உங்கள் அதிகாரியிடம் மரியாதையாகக் கேளுங்கள். அரசியலமைப்பின்படி தண்ணீர் மாநிலப் பட்டியலில் 17-வது இனம், மாநிலங்களுக்கிடையே ஓடும் ஆறுகள் ஒன்றியப் பட்டியலில் 56-வது. "இது எங்கள் வேலை இல்லை" என்று அங்கே எந்த அறையில் கேட்டாலும் இந்த இரண்டு எண்களில் ஒன்று பின்னால் இருக்கும்.

அப்பா சொன்னபடி போவதற்கு முன் வாய்க்கால் மேட்டிலும் நின்றுவிட்டுப் போங்கள். கடைமடைக்கு எந்த வாரம் தண்ணீர் வந்தது, எந்த வாரம் நின்றது என்று ஷட்டர் திறக்கும் ஆளிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தமிழ்ப் பத்திரிகையும் மலையாளப் பத்திரிகையும் வாசிக்க வரும். கோடையில் பொள்ளாச்சிப் பதிப்பில் "கேரளத்துக்குத் தண்ணீர் தாரைவார்ப்பு" என்று வரும் அதே வாரத்தில் பாலக்காட்டுப் பதிப்பில் "தமிழகம் தண்ணீர் தர மறுப்பு" என்று வரும். ஒரு நீர் ஆண்டின் செய்திகளை இரண்டு பக்கமும் வெட்டி, நீங்கள் குறித்த தேதிகளோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டு பக்கக் குறிப்பாக எழுதிக் கையோடு கொண்டு போங்கள். முதல் வாரத்தில் வேலை எதுவும் தராமல் உட்கார வைப்பார்கள், அப்போது எடுத்து நீட்டலாம்.