தாச்சியில் எது உருகும், எது உருகாது?

யாழ்ப்பாணத்தில் இரசாயனவியல் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். அடுப்பில் ஏறிய பொருள்கள் உருகுவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கோப்பாயிலிருந்து ஒரு தங்கச்சி: ரீச்சர், கரமல் புடிங்குக்குச் சீனியை வெறுந்தாச்சியில் போட்டால் ஓரம் கருகிவிடுகிறது. நடுவில் வெள்ளையாகவே கிடக்கிறது. அடுப்பு சரியில்லையா?

அடுப்பில் பிழை இல்லை, தங்கச்சி. ஐஸ்கட்டி 0 பாகையில் உருகும். சீனிக்கு அப்படித் திட்டமான ஒரு வெப்பநிலை கிடையாது. 186 பாகை செல்சியஸ் என்று எழுதுவார்கள். ஆனால் மெல்லச் சூடாக்கினால் 160, 170 அளவிலேயே சீனி சிதையத் தொடங்கிவிடும். நிறம் மாறுவதும் மணம் வருவதும் கடைசியில் கசப்பதும் அந்தச் சிதைவால்தான். அதனால் ஒரு பக்கம் உருகி முடியுமுன் மறுபக்கம் கருகத் தொடங்குகிறது. மெல்லிய தாச்சியில் சுவாலை படும் இடம் மட்டும் சட்டென்று காயும். சீனி மணிகளுக்கிடையே காற்று இருப்பதால் அந்தச் சூடு மற்ற இடத்துக்கு எளிதில் போகாது.

அடி தடித்த சட்டியை எடுங்கள். நெருப்பைக் குறைத்து ஒரு கரண்டி சீனியை மெல்லிதாகப் பரப்புங்கள். அது உருகியபின் அடுத்த கரண்டி. பொறுமை இல்லையென்றால் ஒரு கப் சீனிக்குக் கால் கப் தண்ணீர் விடுங்கள். அப்போது சீனி உருகவில்லை, கரைகிறது. தண்ணீர் நிறைய இருக்கும்வரை பாகின் சூடு 100ஐச் சற்றே தாண்டி நிற்கும், வற்ற வற்றத்தான் ஏறும். 115 அளவில் ஒரு சொட்டைப் பச்சைத்தண்ணீரில் விட்டால் மெதுவான உருண்டையாகத் திரளும். பால் ரொபிக்கு அதுதான் பதம். 150ஐ நெருங்கும்போது அதே சொட்டு 'டக்' என்று உடையும். 170இல் தேன் நிறம் வரும். அதற்குப் பிறகு கண்ணை எடுக்கக்கூடாது, கறுக்க அதிக நேரம் வேண்டாம். எங்கள் அம்மாமார் வெப்பமானி இல்லாமல் சொட்டு விட்டுப் பார்த்தது இந்தப் பாகைகளைத்தான். அந்தக் கைப்பழக்கத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அதே தங்கச்சி: பாகில் தேசிக்காய்ப் புளி விடச் சொல்கிறார்களே?

புளியில் உள்ள அமிலம் சீனியில் ஒரு பங்கைக் குளுக்கோஸ், பிரக்டோஸ் என்று உடைத்துவிடும். இந்த வேறு மூலக்கூறுகள் நடுவில் நிற்பதால் சீனி மறுபடி ஒன்றோடொன்று அடுக்கிப் பளிங்காக முடியாது. பாகு பூக்காமல் இருக்கும். சில துளி போதும்.

சாவகச்சேரியிலிருந்து: பனங்கட்டியை நேரே தாச்சியில் போட்டு உருக்கலாமா?

வேண்டாம். பனங்கட்டியில் அந்தக் குளுக்கோசும் பிரக்டோசும் முன்பே கொஞ்சம் இருக்கின்றன. பிரக்டோஸ் 110 பாகை அளவிலேயே நிறம் மாறத் தொடங்கும், அதனால் சீனியைவிடச் சீக்கிரம் அடிப்பிடித்துக் கசக்கும். உடைத்துப் போட்டு, தண்ணீர் விட்டு, மெல்லிய நெருப்பில் கரையவிடுங்கள். அப்புறம் வடிகட்டினால் மண்ணும் தும்பும் போய்விடும்.

சுன்னாகத்திலிருந்து ஒரு மாணவன், சாதாரண தரம்: சீனி உருகுகிறது, உப்பு ஏன் உருகவில்லை ரீச்சர்? வெடிக்க மட்டும் செய்கிறது.

நல்லாய்க் கவனித்திருக்கிறீர், தம்பி. உப்பில் சோடியம் அயனும் குளோரைட்டு அயனும் எதிர் ஏற்றங்களால் இறுகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அந்தப் பிடியைத் தளர்த்த 801 பாகை வேண்டும். அலுமினியம் 660இலேயே உருகிவிடும். அதாவது அலுமினியத் தாச்சியில் உப்பை உருக்கப் பார்த்தால் முதலில் போவது தாச்சிதான்! வெடிப்பது, பளிங்குக்குள் அடைபட்ட சிறுதுளித் தண்ணீர் ஆவியாகி அதை உடைப்பதால். கச்சான் வறுப்பவர்கள் தாச்சியில் மணலைக் காயவைப்பதைப் பார்த்திருப்பீர். மணலும் அடுப்புச் சூட்டில் உருகாது. ஒவ்வொரு கச்சானையும் சுற்றி நின்று சூட்டைச் சமமாகக் கொடுக்கும்.

மானிப்பாயிலிருந்து ஒரு அக்கா: பட்டரை உருக்கி நெய்யாக்கும்போது எந்த நேரம் இறக்குவது?

காதால் கேளுங்கள் அக்கா. பட்டரின் கொழுப்பு 35 பாகைக்குள் உருகிவிடும், எங்கள் சித்திரை வெயிலில் மேசையிலேயே இளகும். ஆனால் பட்டரில் நூற்றுக்குப் பதினாறு பங்கு வரை தண்ணீர். அது 100 பாகையில் கொதித்து வெளியேறும் சத்தம்தான் அந்தச் சடசடப்பு. தண்ணீர் இருக்கும்வரை நெய் கருகாது. சத்தம் தணிந்து, பெரிய குமிழிகள் அடங்கி, மெல்லிய நுரை எழும்பும்போது அடியில் பாற்பொருள் பொன்னிறமாகத் தொடங்கியிருக்கும். அப்போதே இறக்குங்கள். சட்டியின் சூடு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

காரைநகரிலிருந்து ஒரு ஐயா: ஈயம் பூசிய பழைய பித்தளைச் சட்டியில் பூச்சு முத்து முத்தாகத் திரண்டுவிட்டது. ஏன்?

வெறுஞ்சட்டி அடுப்பில் காய்ந்திருக்கிறது, ஐயா. பூசப்படும் வெள்ளீயம் 232 பாகையில் உருகும். உள்ளே குழம்போ தண்ணீரோ இருந்தால் சூடு 100ஐ ஒட்டியே நிற்கும், பூச்சுக்கு ஒன்றும் வராது. வெறுமனே விட்டால் சில நிமிடத்தில் அந்த எல்லையைத் தாண்டிவிடும். மறுபடி பூசுவிக்கும்போது வெள்ளீயம்தானா என்று கேட்டு உறுதிப்படுத்துங்கள். காரீயம் நஞ்சு, சமையல் பாத்திரத்துக்கு ஆகாது. பூச்சுப் போன சட்டியில் புளிக்கறி வைக்காதீர்கள்.

வேலணையிலிருந்து: நத்தாருக்குப் பிள்ளைகளோடு மெழுகுதிரி செய்யப்போகிறோம். மெழுகைத் தாச்சியில் உருக்கலாமா?

நேரே நெருப்பில் வைக்கவே வேண்டாம். மெழுகு 50, 60 பாகையிலேயே உருகிவிடும், அதற்குமேல் சூடு தேவையில்லை. 200ஐத் தாண்டினால் அதன் ஆவி தீப்பற்றக்கூடும். ஒரு சட்டியில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அதற்குள் சின்னப் பாத்திரத்தில் மெழுகை வையுங்கள், 100ஐத் தாண்டாது. தற்செயலாகப் பற்றினால் தண்ணீர் ஊற்றாதீர்கள், எரியும் மெழுகு தெறித்துப் பரவும். அடுப்பை நிறுத்தி, உலோக மூடியால் மூடி, ஆறும்வரை திறக்காமல் விடுங்கள். பிள்ளைகள் திரி கோப்பதையும் அச்சுகளை ஒழுங்குபடுத்துவதையும் செய்யட்டும், ஊற்றுவது பெரியவர்கள் வேலை.