எடை போட்டீர்களா, எண்ணிப் பார்த்தீர்களா? விளையாட்டுச் சாமான் ஆன்லைன் கடை: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கூரியர் செலவைப் பற்றியவை. மீதியில் பாதி, என்ன கேட்கிறார்கள் என்றே புரியாதவை. புரிந்தவற்றுக்குப் பதில் கீழே.

கேள்வி: ஆன்லைன் கடைக்கு ஷாப்பிஃபை நல்லதா, வூகாமர்ஸ் நல்லதா?

ஐந்நூறு பொருளுக்குள் விற்பவருக்கு இரண்டுமே போதும். ஷாப்பிஃபைக்கு மாத வாடகை உண்டு. சர்வர், பாதுகாப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. வூகாமர்ஸ் இலவசம், ஆனால் வேர்ட்பிரஸ் என்ற தளம் அமைக்கும் மென்பொருள் மேல் ஓடுவது. ஹோஸ்டிங் (தளத்துக்கு சர்வரில் இடம்), பேக்கப், அப்டேட் அத்தனையும் உங்கள் தலையில். கூடவே தொழில்நுட்பம் தெரிந்த ஆள் இருந்தால் இரண்டாவது, இல்லையென்றால் முதலாவது. எதை எடுத்தாலும் டொமைனை, அதாவது தள முகவரியை, உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சல் முகவரியில் வாங்குங்கள். சைட் செய்து கொடுத்தவர் ஃபோனை எடுப்பதில்லை என்று புலம்பும் கடிதம் வராத மாதமே கிடையாது. டொமைன் அவர் பெயரில் இருந்தால், உங்கள் கடையின் பெயர்ப்பலகை அவர் வீட்டுச் சுவரில் தொங்குகிறது என்று அர்த்தம்.

கேள்வி: கடையில் சுமார் 3,000 பொருள்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஏற்றிவிட்டுத்தான் தொடங்க வேண்டுமா?

வேண்டாம். நூறு போதும். அந்த நூறும் போட்டுப் பார்க்காமல் வாங்கக்கூடியவையாக, தீரத் தீர மறுபடி வாங்குபவையாக இருக்கட்டும்: ஷட்டில், ராக்கெட் கிரிப், ஸ்ட்ரிங், டேபிள் டென்னிஸ் பந்து, பம்ப் ஊசி, சாக்ஸ், நீச்சல் கண்ணாடி. ஷூவும் ஜெர்சியும் இரண்டாம் கட்டம். ட்ரெட்மில்லைத் தொடவே தொடாதீர்கள். ஒன்று உடைந்து திரும்பி வந்தால் பத்து விற்ற லாபம் போய்விடும். 3,000 பொருளையும் ஏற்றிய பிறகுதான் திறப்பேன் என்றவர்களில் பலர் இன்னும் ஏற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

கேள்வி: கால்பந்து அரைக் கிலோகூட இல்லை. கூரியர்காரர் இரண்டு கிலோவுக்கு மேல் கணக்குப் போடுகிறார். ஏமாற்றுகிறாரா?

இல்லை. நீங்கள் காற்றை அனுப்புகிறீர்கள், அதற்கு அவர் காசு வாங்குகிறார். வால்யூமெட்ரிக் எடை என்பது நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்தால் வருவது. சில நிறுவனங்கள் 4,000-ஆல் வகுக்கும், சில 6,000-ஆல், ஒப்பந்தத்தில் பாருங்கள். இந்த எடையா, தராசு காட்டும் எடையா, எது அதிகமோ அதற்குத்தான் பில்.

5-ஆம் எண் பந்தைக் காற்றோடு வைக்க ஒவ்வொரு பக்கமும் 23 செ.மீ. உள்ள பெட்டி வேண்டும். 23-ஐ மும்முறை பெருக்கினால் சுமார் 12,000. வகுத்தால் இரண்டு கிலோ நானூறு கிராம். பந்தின் எடை 430 கிராம்தான். அதே பந்தைக் காற்று இறக்கி, கிண்ணம் மாதிரி உள்ளே மடக்கி, 25-க்கு 22-க்கு 8 செ.மீ. பெட்டியில் வைத்தால் 900 கிராமுக்குள் வந்துவிடும். கூடவே ஒரு பம்ப் ஊசி வையுங்கள். காற்றடிக்க வழியில்லை என்ற புகார் வராது. வால்வில் ஊசி நுழைக்கும்முன் ஒரு சொட்டு சிலிக்கான் எண்ணெய் விடச் சொல்லி ஒரு சீட்டும் வையுங்கள்.

கிரிக்கெட் மட்டை இதில் பாவம். ஒரு கிலோ இருநூறு இருக்கும். 90-க்கு 14-க்கு 9 பெட்டியில் வைத்தால் இரண்டே கால் கிலோ ஆகிறது. அதை மடக்க வழியில்லை. விலையில் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். டம்பெல்லுக்கு நேர்மாறு: பெட்டி சிறியது, தராசுதான் பேசும். விலை போடும்முன் ஒவ்வொன்றையும் பேக் செய்து, டேப் வைத்து அளந்து, தராசில் வையுங்கள். கம்பெனி கேட்லாக்கில் உள்ள எடை பேக்கிங் இல்லாத எடை.

கேள்வி: சைட் போட்டாச்சு. ஆர்டர் வரவில்லை. என்ன காரணம்?

சைட் முகவரி இல்லை. என்ன விற்கிறீர்கள் என்று இல்லை. எவ்வளவு நாளாகிறது என்றும் இல்லை. நான் என்ன ஜோசியமா பார்ப்பது? ஒன்று செய்யுங்கள். யாராவது முன்பின் தெரியாத ஒருவரிடம் உங்கள் ஃபோனைக் கொடுத்து, ஒரு ஷட்டில் பெட்டி வாங்கச் சொல்லுங்கள். நீங்கள் வாய் திறக்காமல் பக்கத்தில் நில்லுங்கள். அவர் எந்த இடத்தில் புருவத்தை நெரிக்கிறாரோ, அங்கேதான் ஆர்டர் நிற்கிறது. டெலிவரி கட்டணத்தைக் கடைசிப் பக்கம்வரை ஒளித்து வைத்திருப்பீர்கள் என்பது என் ஊகம். பொருளின் பக்கத்திலேயே அதைப் போடுங்கள்.

கேள்வி: தயாரிப்பு நிறுவனத்தின் தளத்திலிருந்தே படத்தையும் விவரத்தையும் எடுத்துப் போட்டிருக்கிறோம். தவறில்லையே?

அனுமதி வாங்கினீர்களா? வாங்கவில்லை என்றால் தவறு. படத்துக்கும் எழுத்துக்கும் பதிப்புரிமை உண்டு. நீங்கள் அங்கீகரிக்கப்பட்ட டீலர் என்றால் விநியோகஸ்தரிடம் கேளுங்கள், படங்களை மொத்தமாகவே கொடுப்பார்கள். சட்டப் பிரச்சினை அவ்வளவுதான்.

எனக்கு இதில் வேறு கோபம் இருக்கிறது. அந்த விவரத்தை நீங்கள் படித்துப் பார்த்தீர்களா? "உன்னதத் தரம், நீடித்த உழைப்பு, எல்லா நிலை வீரர்களுக்கும் ஏற்றது." இதே வரி இன்னும் நூறு தளங்களில் இருக்கும். நூறிலும் ஒரே படம், ஒரே எழுத்து என்றால் வாங்குபவருக்கு விலை ஒன்றுதான் வித்தியாசமாகத் தெரியும். விலைப் போட்டியில் பெரிய தளங்களோடு சின்னக் கடை ஜெயிக்காது.

உங்கள் கடைக்கு ஒருவர் வந்து பையனுக்கு மட்டை வேண்டும் என்றால் என்ன செய்வீர்கள்? பையன் எவ்வளவு உயரம் என்று கேட்பீர்கள். ஐந்தடி இரண்டு அங்குலம் என்றால் 6-ஆம் எண்ணை எடுத்துக் கையில் கொடுப்பீர்கள். அடுத்து, லெதர் பந்தா டென்னிஸ் பந்தா என்று கேட்பீர்கள். டென்னிஸ் பந்துக்குச் செய்த மட்டையில் லெதர் பந்து ஆடினால் விரிசல் விடும் என்று உங்களுக்குத் தெரியும். இந்த இரண்டு கேள்விகளும் உங்கள் சைட்டில் எங்கே? பெரும்பாலான தளங்களில் எங்கேயும் இல்லை. கல்லாவில் நிற்கும்போது வாய் ஓயாமல் சொல்வதை ஆன்லைனில் எழுத மட்டும் சோம்பல்.

அதிலும் இங்கிலீஷ் வில்லோ மட்டைக்கு ஒரே படத்தைப் போட்டு இருபது மட்டைகள் விற்பவர்களை என்னவென்று சொல்வது? ஒவ்வொரு மரமும் வேறு. ஒன்றில் ஆறு கிரெயின் (மர வரி), இன்னொன்றில் பத்து. ஒன்றில் ஓரமாகக் கரும்பட்டை, இன்னொன்றில் புள்ளி. பணம் கொடுத்து வாங்குபவர் தன் கைக்கு வரப்போகும் மட்டையைப் பார்க்க வேண்டாமா? முகம், முதுகு, விளிம்பு, அடிப்பகுதி, தராசின் மேல் ஒன்று என ஐந்து படம் எடுங்கள். கடை வாசலில் பகல் வெளிச்சத்தில் சாதாரண ஃபோனில் எடுத்தாலே போதும். படத்தோடு "1,170 கிராம்" என்று எழுதுங்கள். "லைட் வெயிட்" என்று எழுதாதீர்கள், யாருக்கு லைட்?

மற்றவற்றுக்கும் இதே கதைதான். பேட்மின்டன் ராக்கெட்டுக்கு 4யூ என்று மட்டும் போடாமல் 80 முதல் 84 கிராம் என்று எழுதுங்கள். ஸ்ட்ரிங் போட்டு வருகிறதா, வெறும் சட்டமா (ஃபிரேமா), உறை உண்டா என்று சொல்லுங்கள். இறகு ஷட்டிலுக்கு வேக எண்ணைக் குறிப்பிடுங்கள். வெப்பமான இடத்தில் ஷட்டில் வேகமாகப் பறக்கும், அங்கே 77 வாங்கினால் கோட்டைத் தாண்டி விழும், 75 அல்லது 76 சரி. கால்பந்துக்கு எட்டு முதல் பன்னிரண்டு வயதுவரை 4-ஆம் எண், அதற்கு மேல் 5. கூடைப்பந்து ஆண்களுக்கு 7, பெண்களுக்கு 6. கிரிக்கெட் பந்து பெரிய ஆண்களுக்கு 156 முதல் 163 கிராம், பெண்களுக்கு 140 முதல் 151, பதின்மூன்று வயதுக்கு உட்பட்டோருக்கு அதைவிடச் சற்றுக் குறைவு. "ஒரு லெதர் பந்து" என்று மட்டும் எழுதி விற்றால் பாதி திரும்பி வரத்தான் செய்யும்.

கேள்வி: ஷூ ரிட்டர்ன் தாங்க முடியவில்லை. என்ன செய்யலாம்?

சைஸ் எண்ணை நம்பாதீர்கள். ஒரு பிராண்டில் யூகே 8 என்றால் யூஎஸ் 9. இன்னொரு பிராண்டில் அதே யூகே 8-க்கு யூஎஸ் எட்டரை. எல்லா பிராண்டுக்கும் சேர்த்து ஒரே சைஸ் அட்டவணை போட்டிருப்பீர்கள், சரியா? பிராண்டுக்கு ஒன்றாகப் போடுங்கள். அதில் பாத நீளம் சென்டிமீட்டரில் இருக்கட்டும். சுவரில் குதிகாலை ஒட்டி, காகிதத்தில் நின்று, நீண்ட விரல்வரை அளக்கச் சொல்லுங்கள். மாலையில் அளக்கட்டும், அப்போது கால் சற்று வீங்கியிருக்கும். இரண்டு காலையும் அளந்து பெரியதை எடுத்துக்கொள்ளட்டும். இன்னொன்று: உள்ளரங்கில் ஆடுபவர் ஓட்டப்பந்தய ஷூவை வாங்கிவிட்டு, தரையில் கறை படிகிறதென்று உள்ளே விடவில்லை எனத் திருப்பி அனுப்புவார். நான்-மார்க்கிங் (தரையில் கறை படியாத) அடிப்பாகமா இல்லையா என்பதைத் தலைப்பிலேயே சொல்லுங்கள்.

கேள்வி: கடையில் கடைசி ஜோடியை விற்ற அதே மணி நேரத்தில் ஆன்லைனிலும் அதே ஜோடிக்கு ஆர்டர். இதைத் தவிர்ப்பது எப்படி?

கடை பில்லிங்கும் ஆன்லைன் இருப்பும் ஒரே கணக்கில் ஓட வேண்டும். அதற்கு வசதி வரும்வரை, இரண்டோ அதற்குக் குறைவாகவோ மிச்சமிருக்கும் பொருளை ஆன்லைனில் "இருப்பு இல்லை" என்று காட்டச் செய்யுங்கள். ஒரு ஷூ மாடல் என்பது ஒரு பொருள் அல்ல: எட்டு சைஸ், மூன்று நிறம் என்றால் இருபத்து நான்கு. ஒவ்வொன்றுக்கும் தனி எண், தனி பார்கோடு. திறப்பதற்கு முன் ஒருமுறை எல்லாவற்றையும் கையால் எண்ணுங்கள். அப்புறம் வாரம் ஒருமுறை ஒரு அலமாரி. எண்ணாமல் கடை திறக்காதீர்கள் என்று எழுதி எழுதி எனக்கே அலுத்துவிட்டது.

கேள்வி: பிரபல அணிகளின் சின்னம் போட்ட ஜெர்சியை நாமே அச்சடித்து விற்கலாமா?

உரிமம் இல்லாமல் கூடாது.

கேள்வி: இரண்டு நாள் ஆடிவிட்டு, விரிசல் வந்துவிட்டது என்று மட்டையைத் திருப்பி அனுப்புகிறார். பணத்தைத் தர வேண்டுமா?

தயாரிப்புக் குறை என்றால் தர வேண்டும்; "விற்றால் திரும்ப எடுப்பதில்லை" என்று எழுதி வைத்து நுகர்வோர் சட்டத்திலிருந்து தப்ப முடியாது. ஆனால் வில்லோ மட்டையின் முகத்தில் மெல்லிய கீறல் விழுவது அதன் இயல்பு. அதை வாங்கும்முன் சொன்னீர்களா என்பதுதான் கேள்வி. தட்டித் தயார் செய்யாத மட்டை என்றால் பக்கத்திலேயே அப்படி எழுதுங்கள். பெட்டிக்குள் ஒரு சீட்டு: ஆளிவிதை எண்ணெய் மெல்லிய பூச்சாக, பிறகு மரச் சுத்தியலால் சில மணி நேரம், விளிம்புகளில் மெதுவாக, முதலில் பழைய பந்து, அடிப்பகுதியை ஈரத்தில் ஊன்றக் கூடாது. முகத்தில் ஷீட் ஒட்டிய மட்டைக்கு அங்கே எண்ணெய் வேண்டாம். அனுப்பும்முன் எடுத்த படங்கள் கையிலிருந்தால் பாதி வாக்குவாதம் அங்கேயே முடிந்துவிடும். ஹெல்மெட் திரும்பி வந்தால், அடி வாங்கியதற்கான அடையாளம் கொஞ்சம் இருந்தாலும் மறுபடி விற்காதீர்கள். விற்கும் ஹெல்மெட்டில் பிஎஸ் 7928:2013 என்ற பிரிட்டிஷ் தரக் குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: பெரிய சந்தைத் தளங்களில் சேரலாமா, சொந்தத் தளம் போதுமா?

தேங்கிய சரக்கைத் தள்ளச் சந்தைத் தளம் நல்லது. கமிஷன், விளம்பரம், ரிட்டர்ன் எல்லாம் கழித்த பிறகு கையில் என்ன நிற்கிறது என்று ஒரு பொருளுக்காவது காகிதத்தில் போட்டுப் பாருங்கள். அங்கே வாங்குபவர் அந்தத் தளத்தின் வாடிக்கையாளர், உங்களுடையவர் அல்ல. அடுத்த மாதம் அவருக்குக் கிரிப் தீர்ந்தது என்று நீங்கள் நினைவூட்ட முடியாது.

கேள்வி: லித்தியம் பேட்டரி உள்ள மசாஜ் கன், உடற்பயிற்சி வாட்ச் இவற்றைக் கூரியரில் அனுப்பலாமா?

அனுப்பலாம், ஆனால் பேட்டரி இருக்கிறது என்று சொல்லி அனுப்ப வேண்டும். விமானத்தில் போகும் பார்சலுக்கு லித்தியம் விதிகள் கடுமை. "விளையாட்டுச் சாமான்" என்று பொதுவாக எழுதி நழுவாதீர்கள்.

கேள்வி: ராக்கெட்டுக்கு ஸ்ட்ரிங் போட்டுத் தருவதையும் ஆன்லைனில் விற்க முடியுமா?

தாராளமாக. பெரிய தளங்கள் செய்ய முடியாததை நீங்கள் செய்யும் இடம் இது. ஸ்ட்ரிங் ரகம், எத்தனை பவுண்ட் இழுவிசை என்ற இரண்டும் ஆர்டர் படிவத்தில் கட்டாயம் நிரப்பும்படி வையுங்கள். ராக்கெட் சட்டத்தில் அச்சிட்டிருக்கும் உச்ச வரம்புக்கு மேல் எண் போட்டால் படிவமே ஏற்கக் கூடாது. 30 பவுண்ட் கேட்டு, ராக்கெட் சட்டம் விரிசல் விட்டதும் உங்களோடு சண்டைக்கு வருவார்கள். எண் தெரியாதவருக்கு 22 முதல் 24 என்று பரிந்துரை எழுதி வையுங்கள். ஸ்ட்ரிங் போட்ட பிறகு மனம் மாறினால் ரிட்டர்ன் கிடையாது என்பதை, பணம் கட்டும் பொத்தானுக்கு மேலேயே சொல்லுங்கள்.

கேள்வி: சீசன் தொடங்கும் அன்றே ஆன்லைன் கடையையும் திறந்தால் கூட்டம் வருமே?

வரும். பேக்கிங் பழகாத கைகளோடு அந்தக் கூட்டத்தைச் சமாளிக்க முடியாது. ஆறு வாரம் முன்னால் திறந்து, நாளைக்கு நான்கைந்து பார்சல் கட்டிப் பழகுங்கள்.