தோல் செல்லைத் தசையாக மாற்றி டுஷேன் நோயைக் குணப்படுத்த முடியுமா?

கேள்வி: என் அக்கா மகனுக்கு டுஷேன் தசைச்சிதைவு நோய். அவன் தோலிலிருந்தே தசை வளர்த்து ஊசியாகப் போடுவதாகச் சொல்லிப் பல லட்சம் கேட்கிறார்கள். கட்டலாமா? ஊர் அம்பாசமுத்திரம் பக்கம்.

கட்ட வேண்டாம். அவர்கள் சொல்லும் அறிவியலில் பாதி உண்மை என்பதுதான் சிக்கல். மயோடி என்ற ஒரே மரபணுவைச் செலுத்தினால் எலியின் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் (உடல் திசுக்களை இணைத்துத் தாங்கும் செல்கள்) தசையாகும் என்பது 1987-லேயே காட்டப்பட்டது. மனிதத் தோல் செல்லிலும் அது நடக்கிறது. பாளையங்கோட்டையில் படித்துவிட்டுச் செல் வளர்ப்பு ஆய்வகத்தில் வேலை பார்த்த நான் அதை நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறேன். செல் வளரும் ஊட்டநீரில் சீரம் என்ற இரத்தநீரைக் குறைத்ததும் சிதறிக் கிடந்த செல்கள் நீண்டு, ஒரே திசையில் அணிவகுத்து, ஒன்றோடொன்று கலந்து பல உட்கருக்கள் கொண்ட குழல்களாகும். நன்கு முதிர்ந்தவை தட்டிலேயே சுண்டித் துடிக்கும்.

ஆனால் குழலானது மறுபடி பெருகாது. ஆகவே இப்போது, ஜப்பானிய அறிவியலாளர் யமனாகா 2007-இல் மனிதச் செல்லில் செய்து காட்டிய வழியில் தோல் செல்லை முதலில் எந்தச் செல்லாகவும் மாறக்கூடிய, கருவின் செல் போன்ற ஸ்டெம் செல்லாகத் திருப்பி, பிறகு பாக்ஸ்7 மரபணு இயங்கும் தசை முன்னோடிச் செல்லாக வளர்க்கிறார்கள். எலிகளில் அவை தசைநாராகியிருக்கின்றன. மாறாமல் எஞ்சும் செல் கட்டியாகலாம் என்பது ஒரு பயம். பையனின் செல்லில், தசையைக் காக்கும் டிஸ்ட்ரோஃபின் என்ற புரதத்துக்கான மரபணுவின் பிழை (இந்த நோய்க்குக் காரணமே அதுதான்) அப்படியே இருப்பதால், அதைத் திருத்தாமல் செலுத்துவது சீக்கு விழுந்த பயிரின் விதையையே மறுபடி பாவுவது போலாகும். 1990-களில் பிறரிடமிருந்து எடுத்த தசைச் செல்களை டுஷேன் சிறுவர்களுக்கு ஊசியாகப் போட்டுப் பார்த்தபோது பெரும்பாலானவை சில நாட்களிலேயே மடிந்தன, பிழைத்தவையும் ஊசித்தடத்திலிருந்து சில மில்லிமீட்டருக்கு மேல் பரவவில்லை. மூச்சுக்கான உதரவிதானத்துக்கு எத்தனை ஊசி போடுவது? இதயத்தசையோ வேறு வகை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதல்படி, இரத்த நோய்கள் போன்றவற்றுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று தவிர, ஒப்புதல் பெற்ற சோதனைக்கு வெளியே ஸ்டெம் செல் கொடுக்கக் கூடாது. சோதனை என்றால் காசு வாங்கக் கூடாது.

அந்தப் பணத்தை இயன்முறைப் பயிற்சிக்கும், மருத்துவர் சொல்லும் ஸ்டீராய்டுக்கும், ஆண்டுதோறும் இதயத்துக்கான எக்கோ, நுரையீரல் பரிசோதனைக்கும் வையுங்கள். ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தில் மறுவாழ்வுப் பயிற்சி பற்றி விசாரிக்கலாம். சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்று யாராவது அக்காவைக் குத்திக்காட்டினால் நம்பாதீர்கள். இது எக்ஸ் குரோமோசோம் வழி வருவது, புதிதாகவும் தோன்றும். அக்காவுக்கு மரபணுப் பரிசோதனை செய்யுங்கள். அவரிடம் பிழை இருந்தால் உங்கள் மற்ற சகோதரிகளும் அடுத்த குழந்தைக்கு முன் பார்த்துக்கொள்ள வேண்டும்.