ரேம் விலை எகிறிடுச்சு, இப்ப பிசி அசெம்பிள் பண்ணலாமா? வாசகர் கேள்வி பதில்

கம்ப்யூட்டர் பத்தி எந்த கேள்வி வந்தாலும் சுத்தி வளைச்சு கடைசில ரேம் விலைலதான் வந்து நிக்குது, அதனால இந்த வாரம் முழுக்க அதையே எடுத்துக்கிட்டேன். ஒரே மாதிரி கேட்டிருந்தவங்களுக்கு சேர்த்து ஒரே பதிலா எழுதியிருக்கேன்.

மதுரை வாசகர்: பையன் இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம். 2025 ஜூன்ல பிசி அசெம்பிள் பண்ண கொட்டேஷன் வாங்கினப்போ 16 ஜிபி டிடிஆர்5 (புது தலைமுறை) ரேம் அஞ்சாயிரத்துக்குள்ள போட்டிருந்தாங்க. பணம் சேர்த்துட்டு இப்ப போனா அதே ரேமுக்கு பத்தாயிரத்துக்கு மேல கேக்குறாங்க, "நாளைக்கு வந்தா இந்த ரேட்டும் இருக்காது சார்"ங்கிறாரு. கடைக்காரர் ஏமாத்துறாரா?

பதில்: அவர் மேல கோபப்படாதீங்க சார், அவருக்கே டிஸ்ட்ரிபியூட்டர் காலைல ஒரு ரேட் சாயங்காலம் ஒரு ரேட் சொல்ற நிலைமைதான். ரிச்சி ஸ்ட்ரீட்ல மட்டும் இல்ல, அமெரிக்காவுலயே 2025 நடுவுல 100 டாலர் அளவுல கிடைச்ச 32 ஜிபி டிடிஆர்5 செட் வருஷ கடைசில 300 டாலர தாண்டிடுச்சு.

காரணம் ரொம்ப தூரத்துல இருக்கு. உலகத்துல ரேம் சிப் பண்றதுல 90 சதவீதத்துக்கு மேல மூணே கம்பெனி கையில, கொரியாவோட சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், அமெரிக்காவோட மைக்ரான். நாம கடைல பாக்குற மத்த பிராண்டெல்லாம் பெரும்பாலும் இவங்ககிட்ட சிப் வாங்கி போர்டுல ஒட்டி ஹீட்சிங்க் போட்டு விக்கிறவங்க. இந்த மூணு பேரும் இப்ப ஏஐ டேட்டா சென்டருக்கு போற எச்பிஎம்ங்கிற மெமரி பக்கம் சாஞ்சுட்டாங்க, அது ரேம் சிப்பையே எட்டு அடுக்கு பன்னெண்டு அடுக்குன்னு ஒண்ணு மேல ஒண்ணா வெச்சு நடுவுல ஊசி மாதிரி துளை போட்டு இணைக்கிற சமாச்சாரம். ஒரே அளவு மெமரிய டிடிஆர்5ஆ பண்றத விட எச்பிஎம்மா பண்ண ஏறக்குறைய மூணு மடங்கு வேஃபர், அதாவது சிப் பதிக்கிற சிலிக்கான் தட்டு, வேணும்னு மைக்ரானே சொல்லியிருக்கு. நெல் போட்ட வயல்ல கரும்பு போட்டா நெல் வரத்து குறையத்தானே செய்யும், இங்கயும் ஃபேக்டரி அதேதான், விளையுறதுதான் மாறிடுச்சு.

அளவ ஒரு தடவை மனசுல வாங்கிப் பாருங்க. என்விடியாவோட பி300ங்கிற ஏஐ சிப் ஒண்ணுல 288 ஜிபி எச்பிஎம் இருக்கு, அந்த மாதிரி 72 சிப் சேர்ந்தா ஒரு ரேக். அதாவது பீரோ சைஸ்ல இருக்கிற ஒரே ஒரு ரேக்குக்குள்ள, 16 ஜிபி வீதம் ஏறக்குறைய 1300 வீட்டு கம்ப்யூட்டருக்கு போடக்கூடிய மெமரி உக்காந்திருக்கு, இதுல அந்த மூணு மடங்கு வேஃபர் கணக்க நான் சேர்க்கவே இல்ல. 2025 அக்டோபர் 1ஆம் தேதி சாட்ஜிபிடி பண்ற ஓபன்ஏஐ, சாம்சங்கோடயும் எஸ்கே ஹைனிக்ஸோடயும் ஒரு ஒப்பந்த கடிதம் போட்டுச்சு, மாசத்துக்கு 9 லட்சம் வேஃபர் வரைக்கும் வேணும்னு. அது நிஜமா எவ்வளவு தூரம் நடக்கும்ங்கிறது வேற விஷயம், ஆனா அந்த நம்பர பாத்ததுமே மத்த பெரிய கம்பெனியெல்லாம் நமக்கு கிடைக்காம போயிடுமோன்னு முந்திக்கிட்டு ஆர்டர் போட ஆரம்பிச்சா சந்தை என்ன ஆகும்.

இன்னொண்ணும் சொல்லணும். 2023ல இதே ரேம் வாங்க ஆளில்லாம கிடந்துச்சு, எஸ்கே ஹைனிக்ஸுக்கு அந்த ஒரு வருஷம் மட்டும் 7 லட்சம் கோடி வொன்னுக்கு மேல நஷ்டம். அப்ப உற்பத்திய குறைச்சு புது முதலீட்டையும் தள்ளிப்போட்டாங்க. அந்த சூடு பட்டதால இப்ப டிமாண்ட் வந்தும் அவசரமா உற்பத்திய பெருக்க யாரும் தயாரா இல்ல. கம்பெனி பக்கம் அது நியாயமான பயம்தான். ஆனா எனக்கு மனசு கேக்காத இடம் என்னன்னா, இந்த வரிசைல கடைசில நிக்கிறது உங்க பையன் மாதிரி மாசா மாசம் பணம் சேர்த்து ஒவ்வொரு பார்ட்டா வாங்குற ஆளுங்கதான், மொத்தமா ஆர்டர் போடுறவங்களுக்கு கொடுத்து மிச்சம் இருந்தாதான் நமக்கு. சொந்தமா கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணி கத்துக்கிட்ட பசங்கதான் நம்ம ஊர்ல சர்வீஸ் இன்ஜினியரா, நெட்வொர்க் ஆளா, புரோகிராமரா ஆகியிருக்காங்க, அந்த வாசல அடைக்கிற விலை இது.

சேலம் கல்லூரி மாணவர்: அண்ணா, 60 ஆயிரம் பட்ஜெட். கேமும் ஆடணும், கோடிங்கும் பண்ணணும். ஏஎம்5 போனா ஃப்யூச்சர் இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா ரேம் விலைய பாத்தா பயமா இருக்கு. 32 ஜிபி வேணுமா?

பதில்: தம்பி, 32 ஜிபிங்கிற நினைப்ப இப்போதைக்கு விட்டுடு. 1080பி கேமுக்கும் காலேஜ் கோடிங்குக்கும் 16 ஜிபி போதும், பின்னாடி ப்ரௌசர்ல அம்பது டேப் திறந்து வெக்காம இருந்தா சரி.

பிளாட்ஃபார்ம் விஷயத்துக்கு வர்றேன். ஏஎம்5ங்கிறது ஏஎம்டி ப்ராசஸர் உக்கார்ற புது சாக்கெட், அதுல டிடிஆர்5 தவிர வேற ரேம் ஏறவே ஏறாது, அதனால அங்க போனா இந்த விலைல இருந்து தப்பிக்க வழியே இல்ல. அதுக்கு முந்தின ஏஎம்4ல ரைசன் 5 5600 மாதிரி ப்ராசஸர், இல்லன்னா இன்டெல் 12ஆவது தலைமுறை ஐ5 12400எஃப், இது ரெண்டும் முந்தின தலைமுறை ரேமான டிடிஆர்4ல ஓடும். இன்டெல் எடுத்தா போர்டு வாங்கும்போது கண்ண திறந்து பாரு, ஒரே சிப்செட்லயே டிடிஆர்4 மாடலும் உண்டு டிடிஆர்5 மாடலும் உண்டு, ஒண்ணுக்கு வாங்கின ரேம் இன்னொண்ணுல போகாது. டிடிஆர்4 விலையும் ஏறித்தான் இருக்கு, பெரிய கம்பெனிங்க அத நிறுத்துற வேலைல இருந்ததால 2025 நடுவுலயே ஏற ஆரம்பிச்சுடுச்சு, ஆனா வீட்லயோ ஃப்ரெண்ட்கிட்டயோ பழைய டிடிஆர்4 ஸ்டிக் ரெண்டு சும்மா கிடந்தா அதுதான் இன்னைக்கு உனக்கு பெரிய சொத்து, அந்த ரேம முதல்ல கையில வெச்சுக்கிட்டு அதுக்கு ஏத்த போர்டு தேடு. முன்னெல்லாம் ப்ராசஸர்ல ஆரம்பிச்சு லிஸ்ட் போடுவோம், இப்ப ரேம்ல ஆரம்பிக்கணும்.

இல்லண்ணா, ஏஎம்5தான் வேணும், நாலஞ்சு வருஷம் கழிச்சு ப்ராசஸர் மட்டும் மாத்திக்கணும்னு நினைச்சேன்னா அதுவும் தப்பில்ல. அப்ப 16 ஜிபி ஒரே ஸ்டிக்கா வாங்கு, விலை இறங்குறப்ப இன்னொரு 16 சேத்துக்கோ. ஒரு ஸ்டிக்னா சிங்கிள் சேனல், அதாவது ரேமுக்கு போக வர ஒரே பாதை, சில கேம்ல ஃப்ரேம் கொஞ்சம் அடி வாங்கும், தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தா சமாளிச்சுக்கலாம். ஆனா கார்டு இல்லாம ப்ராசஸர்லயே கிராஃபிக்ஸ் இருக்கிற 8600ஜி மாதிரி மாடல் எடுத்தா மட்டும் ஒரு ஸ்டிக்கோட நிறுத்தாத, அந்த கிராஃபிக்ஸ் ரேமையேதான் பங்கு போட்டு வேலை செய்யுது, பாதி வேகம் போயிடுச்சுன்னா கேம் ஆடவே முடியாது. நாலு சின்ன ஸ்டிக் போட்டு நிரப்புற ஐடியாவும் ஏஎம்5ல வேணாம், ரைசன் 7000ல நாலு ஸ்லாட்டும் நிறைஞ்சா ஏஎம்டி உத்தரவாதம் கொடுக்கிற வேகம் வெறும் 3600தான்.

பின்னாடி வாங்குற ரெண்டாவது ஸ்டிக் அதே மாடல்னாலும் உள்ள வேற சிப் இருக்கலாம். எக்ஸ்போ, அதாவது ரேம் முழு வேகத்துல ஓட பயாஸ்ல போடுற செட்டிங், போட்டு ஸ்டெடியா நிக்கலன்னா வேகத்த ஒரு படி இறக்கிக்கோ, ஓடும்.

கோயம்புத்தூர் வாசகர்: குஜராத்ல மைக்ரான் ஃபேக்டரி வந்திருக்கே, நம்ம நாட்டுலயே செஞ்சா விலை குறையாதா?

பதில்: குஜராத் சானந்த்ல இருக்கிறது அசெம்பிளியும் டெஸ்டிங்கும் பண்ற ஆலை. 2023 ஜூன்ல அறிவிச்சது, அரசு பங்கும் சேர்த்து மொத்தம் 275 கோடி டாலர் திட்டம். வேலைவாய்ப்புக்கும் அனுபவத்துக்கும் ரொம்ப நல்லது, சந்தேகமே வேணாம். ஆனா சிலிக்கான் வேஃபர்ல சர்க்யூட் பதிக்கிற வேலை வெளிநாட்டு ஃபேக்டரிலதான் நடக்குது, தட்டுப்பாடே அங்கதான். இங்க பேக் பண்ணி வந்தாலும் விலை உலக சந்தை விலைதான், அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி.

நாகர்கோவில் வாசகர்: ஆன்லைன்ல பழைய 32 ஜிபி டிடிஆர்4 ஒரே ஸ்டிக் ரொம்ப மலிவா வருது. வாங்கலாமா?

பதில்: ரொம்ப மலிவுங்கிறதுதான் இங்க எச்சரிக்கை மணி. அது பெரும்பாலும் சர்வர்ல இருந்து கழட்டின ரெஜிஸ்டர்டு ரேமா இருக்கும். டிடிஆர்4ல அது உங்க போர்டு ஸ்லாட்ல அழகா போய் உக்காந்துக்கும், ஆனா கம்ப்யூட்டர் ஆன் ஆகாது. விக்கிறவரு பொய்யும் சொல்லியிருக்க மாட்டாரு, 32 ஜிபி டிடிஆர்4னுதான் போட்டிருப்பாரு, அது உண்மைதானே. இந்த விலையேத்தம் வந்ததுல இருந்து இதுல மாட்டிக்கிறவங்க அதிகமாயிட்டாங்க, பாவம், திருப்பியும் எடுத்துக்க மாட்டாங்க.

ஸ்டிக்கர் போட்டோ அனுப்ப சொல்லுங்க. பிசி4 னு ஆரம்பிக்கிற ஒரு வரி இருக்கும், அதுல வேகத்துக்கு அடுத்து வர்ற கோட்டுக்கு அப்புறம் இங்கிலீஷ்ல யூ எழுத்து வந்தா டெஸ்க்டாப் ரேம், எஸ் வந்தா லேப்டாப், ஆர் இல்ல எல் வந்தா சர்வர் சரக்கு, விட்டுடுங்க. பழைய ஜியான்ங்கிற சர்வர் ப்ராசஸர் போட்ட எக்ஸ்99 போர்டு வெச்சிருக்கிறவங்களுக்கு மட்டும் அது விதிவிலக்கு, அவங்களுக்கு பெரும்பாலும் ரெஜிஸ்டர்டு ரேம்தான் லாபம்.

சரியான ரேம்தான்னு தெரிஞ்சாலும் நேர்ல போய் போட்டு பாத்து வாங்குறது நல்லது. வீட்டுக்கு வந்ததும் ரேம சோதிக்கிற மெம்டெஸ்ட்86 சாஃப்ட்வேர ஒரு பென்டிரைவ்ல போட்டு ராத்திரி முழுக்க ஓட விடுங்க. ஒரே ஒரு எரர் வந்தாலும் ஏத்துக்காதீங்க, ரேம்ல கொஞ்சமா கெட்டதுன்னு ஒண்ணு கிடையாது, இன்னைக்கு ஒரு பிட் தப்பினா நாளைக்கு உங்க ப்ராஜெக்ட் ஃபைலே கரப்ட் ஆகும்.

திருச்சி வாசகர்: க்ரூஷியல் பிராண்ட மூடிட்டாங்களாமே. நான் போன வருஷம் வாங்கின ரேமுக்கு வாரண்டி?

பதில்: வாரண்டி இருக்கு, கவலை வேணாம். 2025 டிசம்பர் 3ஆம் தேதி மைக்ரான் அறிவிச்சது என்னன்னா, பொதுமக்களுக்கு விக்கிற க்ரூஷியல் வியாபாரத்துல இருந்து விலகுறோம், கடைகளுக்கு சப்ளை 2026 பிப்ரவரி கடைசி வரைக்கும்தான், வாங்கினவங்களுக்கு வாரண்டி சர்வீஸ் தொடரும்னு. 29 வருஷமா இருந்த பிராண்ட். பகட்டு இல்லாம, லைட் எரியாம, சொன்ன வேகத்துல சத்தமில்லாம ஓடுற ரேம், குறைஞ்ச பட்ஜெட் பில்டுக்கு கண்ண மூடிட்டு சொல்ற பேர் அது. ஏஐ சந்தைக்கு சிப் போதலன்னு வீட்டு ஆளுங்கள நேரடியா கைவிட்ட பெரிய கம்பெனி இது, எனக்கு அது நிஜமாவே வருத்தம். பில்ல பத்திரமா வைங்க, இந்த விலைல ஒரு வாரண்டி பில் பணத்துக்கு சமம்.

கும்பகோணம், போட்டோ ஸ்டுடியோ வெச்சிருக்கும் வாசகர்: கடைல 8 ஜிபி டிடிஆர்4 போட்ட 9ஆவது தலைமுறை ஐ5. ஆல்பம் டிசைன் பண்ணும்போது திணறுது. விண்டோஸ் 10ம் முடிஞ்சிடுச்சு. புது மெஷின் எடுத்துடலாமா?

பதில்: எடுக்காதீங்க சார். உங்க ப்ராசஸர் விண்டோஸ் 11 லிஸ்ட்ல இருக்கு, பயாஸ்ல டிபிஎம்ங்கிற பாதுகாப்பு வசதிய ஆன் பண்ணிட்டு ஏத்திக்கலாம். விண்டோஸ் 10 சப்போர்ட் 2025 அக்டோபர் 14ல முடிஞ்சது, அதனால நிறைய ஆபீஸ் ஒரே நேரத்துல புது மெஷின் வாங்க கிளம்பினதும் இந்த நெருக்கடில ஒரு சின்ன பங்குதான். ரேமுக்கு இன்னொரு 8 ஜிபி டிடிஆர்4 யூஸ்டா தேடி போடுங்க, ரெண்டு ஸ்டிக் ஆனதும் டூயல் சேனலும் கிடைச்சுடும். ஃபோட்டோஷாப் ரேம் பத்தாதப்போ தற்காலிகமா எழுதி வெக்கிற இடமான ஸ்க்ராட்ச் டிஸ்க், ஹார்ட் டிஸ்க்ல இருந்தா எஸ்எஸ்டிக்கு மாத்துங்க, ஆல்பம் ஷீட் திறக்கும்போது வர்ற திணறல் பாதி அங்க இருந்துதான் வருது. எஸ்எஸ்டி வாங்குறதா இருந்தா தள்ளிப்போடாதீங்க, அதுக்குள்ள இருக்கிற ஃபிளாஷ் சிப் விலையும் கூடவே ஏறிட்டிருக்கு.

சென்னை, மயிலாப்பூர் வாசகி: எப்பதான் குறையும்? மூணு கம்பெனியும் பேசி வெச்சு ஏத்துறாங்களோன்னு சந்தேகமா இருக்கு.

பதில்: உங்க சந்தேகத்துக்கு பழைய காரணம் இருக்கும்மா. 1998ல இருந்து 2002 வரைக்கும் ரேம் கம்பெனிங்க நிஜமாவே பேசி வெச்சு விலை ஏத்தினாங்க, அமெரிக்க நீதித்துறை வழக்கு போட்டு, 2005ல சாம்சங் குற்றத்த ஒத்துக்கிட்டு 30 கோடி டாலர் அபராதம் கட்ட சம்மதிச்சுது, ஹைனிக்ஸ் 18.5 கோடி. ஆனா இன்னைக்கு விலை ஏற ரகசிய பேச்சே தேவையில்ல, டேட்டா சென்டர்காரங்க கேட்ட விலை கொடுக்க தயாரா நிக்கிறாங்க, விக்கிறவங்க மூணே பேர்.

குறையுறதுக்கு புது ஃபேக்டரி வரணும். மைக்ரானோட ஐடஹோ ஃபேக்டரி உற்பத்தி 2027லதான் ஆரம்பிக்கும்னு சொல்லியிருக்காங்க, சாம்சங்கோட ப்யோங்டேக் அஞ்சாவது லைன் 2028. சீனாவோட சிஎக்ஸ்எம்டிங்கிற ரேம் கம்பெனியும் டிடிஆர்5 பண்ண ஆரம்பிச்சிருக்கு. 2017, 2018ல இதே மாதிரி ஏறி 2019ல இறங்கின விலை இது, ஏறினது இறங்கும், ஆனா அடுத்த தீபாவளி ஆஃபர்னு காத்திருக்கிறதுல அர்த்தமில்ல. வேலைக்கோ படிப்புக்கோ இப்ப தேவைன்னா தேவையான அளவு மட்டும் வாங்குங்க. இருக்கிற மெஷின் ஓடுதுன்னா அதையே ஓட்டுங்க. லேப்டாப் வாங்குறதா இருந்தா மட்டும் ஒண்ணு கவனிங்க, விலைய குறைச்சு காட்ட 8 ஜிபி போர்டுலயே சால்டர் பண்ண மாடல்கள தள்ளி விடுவாங்க, அதுல தனியா ஸ்லாட் இல்லன்னா பின்னாடி ரேம் ஏத்தவே முடியாது. ஒரு ஸ்லாட்டாவது காலியா இருக்கான்னு கேட்டுட்டு பில் போட சொல்லுங்க.