சூடு கண்ட அரண்மனை: வாசகர் கேள்வி பதில்

கே: சார்ல்ஸ் – டயானா மணமுறிவிலிருந்து வில்லியம் பாடம் படித்துக்கொண்டார் என்கிறார்களே, அப்படி என்னதான் மாறியது?
– வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ்

ப: முதலில் அவகாசம். 1981 பிப்ரவரியில் நிச்சயம் அறிவித்தார்கள், ஜூலை 29-இல் கல்யாணம். மாப்பிள்ளைக்கு 32, பெண்ணுக்கு 20. இடையில் ஐந்தே மாதம். நிச்சயம் வெளியானதுமே, தோழிகளோடு இருந்த ஃபிளாட்டைக் காலி செய்துவிட்டு டயானா அரண்மனைக்குள் வந்துவிட்டார். கல்யாணத்துக்கு முன்பே பழகிய முகங்கள் எல்லாம் போய்விட்டன.

வில்லியமும் கேட் மிடில்டனும் 2001-இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் அறிமுகமானவர்கள். அங்கே நண்பர்களோடு ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். 2007-இல் கொஞ்ச காலம் பிரிந்து, மறுபடி சேர்ந்து, 2010 நவம்பரில்தான் நிச்சயத்தை அறிவித்தார்கள். முன்பு நடந்தவற்றிலிருந்து பாடம் கற்க முயல்வதாகவும், வேண்டாமென்றால் விலகிக்கொள்ளவும் கேட்டுக்கு இடம் கொடுத்ததாகவும் வில்லியமே அப்போது பேட்டியில் சொன்னார். 2011 ஏப்ரல் 29-இல் திருமணம். அதன்பின் குடித்தனம் லண்டனில் இல்லை. அவர் மீட்பு ஹெலிகாப்டர் ஓட்டிய வேல்ஸின் ஆங்கிள்சி தீவில்.

பலரும் கவனிக்காத ஒன்று, பெண் வீட்டாருக்குக் கிடைத்த இடம். 2013 ஜூலையில் ஜார்ஜ் பிறந்ததும் கேட் பக்கிள்பரியில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விட்டார். வெளியிடப்பட்ட முதல் குடும்பப் படத்தையும் எடுத்தவர் கேட்டின் அப்பாதான். பிள்ளை பெற்றவள் தாய்வீட்டில் இருப்பது நமக்கு ஒரு செய்தியே இல்லை. அந்த அரண்மனைக்கு அது புதுசு.

கே: விவாகரத்தானவரை மணக்க ஒரு ராஜா முடியையே துறந்தார். பேரப்பிள்ளைகள் காலத்தில் அது எப்படிச் சாதாரணமானது?
– வாசகி, செந்தூல்

ப: மனம் மாறியதைவிடச் சட்டமும் திருச்சபை விதியும் மாறியதே முக்கியம். ஒவ்வொரு மாற்றத்துக்கு முன்னும் ஒருவர் அடிபட்டிருக்கிறார்.

1936 டிசம்பரில் எட்டாம் எட்வர்ட் வாலிஸ் சிம்சனுக்காகப் பதவி விலகினார். அடுத்து, இரண்டாம் எலிசபெத்தின் தங்கை மார்கரெட். அவர் விரும்பிய பீட்டர் டவுன்செண்ட் விவாகரத்தானவர். 1772-ஆம் ஆண்டின் அரச திருமணச் சட்டப்படி 25 வயதுவரை அரசரின் சம்மதம் கட்டாயம். 25-ஐத் தாண்டினால் அரசரின் ஆலோசனைக் குழுவான பிரிவி கவுன்சிலுக்கு நோட்டீஸ் கொடுத்து ஓராண்டு காத்திருக்க வேண்டும். அதற்குள் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் எதிர்க்காமல் இருக்க வேண்டும். மார்கரெட்டுக்கு 1955 ஆகஸ்டில் 25 நிறைந்தது. அக்டோபர் 31-இல் டவுன்செண்டை மணக்கப்போவதில்லை என்று அறிக்கை விட்டார். பிறகு 1960-இல் வேறொருவரை மணந்து, 1978-இல் அவரே விவாகரத்துப் பெற்றார். எதைத் தடுக்க அத்தனை பாடுபட்டார்களோ அதுவேதான் நடந்தது!

சார்ல்ஸின் தங்கை இளவரசி ஆன் 1992 ஏப்ரலில் விவாகரத்தாகி அதே டிசம்பரில் மறுமணம் செய்தார், ஆனால் ஸ்காட்லாந்தில். இங்கிலாந்துத் திருச்சபை அப்போது மறுத்த மறுமணத்தை ஸ்காட்லாந்துத் திருச்சபை அனுமதித்தது. இங்கிலாந்துத் திருச்சபை 2002-இல்தான், விசேஷ சந்தர்ப்பங்களில் செய்யலாம் என்று வழிவிட்டது. அதற்குப் பிறகும் 2005-இல் சார்ல்ஸும் கமிலாவும் வின்சர் நகர மண்டபத்தில் பதிவுத் திருமணம் முடித்து, தேவாலயத்தில் ஆசீர்வாதம் மட்டும் பெற்றார்கள். 2018-இல் ஹாரி விவாகரத்தான மேகனை தேவாலயத்திலேயே மணந்தார். 1772 சட்டமும் 2015 மார்ச்சில் ஒழிந்தது. இப்போது வாரிசு வரிசையில் முதல் ஆறு பேருக்குத்தான் சம்மதம் தேவை.

கே: அப்படியானால் பல வருஷம் பழகினால் போதுமா?
– வாசகர், பட்டர்வொர்த்

ப: போதாது. ஆன் இளவரசியின் மகன் ஐந்து வருடம் பழகி 2008-இல் மணந்தார், 2021-இல் முறிந்தது. நார்வேயின் ஹரால்டு ஒன்பது வருடம் காத்திருந்து 1968-இல் சோன்யாவை மணந்தார், நிலைத்துவிட்டது. காத்திருந்தால் ஆளைத் தெரிந்துகொள்ளலாம், அவ்வளவுதான். கல்யாணத்துக்குப் பிறகு ஒன்றாக இருக்கவும் வேண்டுமே. சார்ல்ஸின் தம்பி ஆண்ட்ரூ – சாரா கல்யாணமும் முறிந்தது; ஆண்ட்ரூ கடற்படைப் பணியில் ஆண்டின் பெரும்பகுதி வெளியில்.

கே: எங்கள் குடும்பத்தில் அம்மாவும் பிரிந்தவர், நானும் பிரிந்தவள். மகளுக்கு வரன் வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. வீட்டுக் கடனுக்காக அடுத்த மாதமே ரெஜிஸ்டர் செய்துவிடலாம், கோயில் கல்யாணம் தையில் என்கிறார்கள். சரியா?
– ஒரு தாய், ஜெலுத்தோங், பினாங்கு

ப: அவசரப்படாதீர்கள், அம்மா. ரெஜிஸ்டர் என்பது "சும்மா பேப்பர்" இல்லை. மலேசியாவின் 1976-ஆம் ஆண்டுத் திருமண, விவாகரத்துச் சட்டப்படி கையெழுத்துப் போட்ட அன்றே உங்கள் மகள் மனைவி. தாலி ஏறாவிட்டாலும் அப்படித்தான். தைக்குள் உறவு கசந்தால் உயர் நீதிமன்றம்தான் போக வேண்டும். மிகக் கடுமையான துன்பம் இருந்தாலொழிய முதல் 2 ஆண்டுகளுக்குள் விவாகரத்து மனு போட முடியாது. கோயில் கல்யாணத்துக்கு வர மறுத்தார், குடும்பமே நடத்தவில்லை என்றால் திருமணத்தை ரத்து செய்யக் கேட்கலாம். அதற்கும் வக்கீல் செலவுதான், அலைச்சல்தான்.

கடன் பத்திரத்தில் இருவர் பெயரும் இருந்தால் முழுக் கடனுக்கும் இருவரும் பொறுப்பு. அதனால் முதலில் பையனும் பெண்ணும் தத்தம் கடன் விவரம் காட்டும் சிசிரிஸ் (CCRIS) அறிக்கையை மத்திய வங்கியான பேங்க் நெகாராவிலிருந்து எடுத்து மேசைமேல் வைக்கட்டும். இலவசம்தான். கடைசி 12 மாதத் தவணை நிலவரம் அதில் தெரியும். பி.டி.பி.டி.என். (PTPTN) கல்விக் கடன் பாக்கியையும் கேட்டுவிடுங்கள். மாப்பிள்ளைக்கு முன்பே ஒரு கல்யாணம் ஆகியிருந்தால் விவாகரத்தின் இறுதித் தீர்ப்பைப் பாருங்கள். முதலில் தரும் இடைக்காலத் தீர்ப்பைக் காட்டுவார்கள். அது இறுதியாக வழக்கமாக 3 மாதம் ஆகும், அதுவரை அவர் இன்னொருத்தியின் கணவர்.

எங்கள் யோசனை: தைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது பதிவு இலாகாவில் மனுக் கொடுங்கள். நோட்டீஸ் 21 நாள் ஒட்டியிருக்கும். கோயிலில் உதவிப் பதிவாளர் இருந்தால் தாலி கட்டும் நாளிலேயே, இரண்டு சாட்சிகளோடு பதிவையும் முடித்துவிடலாம். கல்யாணத்துக்கு முன் எழுதிய உயில் செல்லாமல் போகும், புதிதாக எழுதச் சொல்லுங்கள். ஊழியர் சேமநிதி வாரிசு நியமனத்தையும் மாற்ற வேண்டும். பழைய பெயரே இருந்தால் பணம் அவருக்கே போகும்.

அம்மா, பாட்டி கதையை மகள் பையனிடம் தானே சொல்லட்டும். கல்யாணத்துக்குப் பிறகு யாரோ சொல்லித் தெரிந்தால்தான் அது குத்தலாகும்.

கே: விவாகரத்தானால் இளவரசிப் பட்டம் பறிபோகுமா?
– வாசகர், கெப்போங்

ப: பாதி. 1996 ஆகஸ்ட் 21-இல் வந்த அரசாணைப்படி, விவாகரத்தான மனைவியருக்கு 'ஹெர் ராயல் ஹைனஸ்' (Her Royal Highness) என்ற அடைமொழி கிடையாது. ஒரு வாரத்தில் டயானாவின் விவாகரத்து முடிவானது. 'டயானா, வேல்ஸ் இளவரசி' என்ற பெயரும் கென்சிங்டன் அரண்மனை வீடும் அவருக்கு மிஞ்சின. கமிலாவுக்கு வேல்ஸ் இளவரசிப் பட்டத்தில் உரிமை இருந்தும் கார்ன்வால் கோமகள் என்றே இருந்துவிட்டார். 2022 செப்டம்பரில்தான் அந்தப் பட்டம் கேட்டுக்கு வந்தது.