கேள்வி பதில்: வாசல் ஜல்லி மழையில் ஓடாமல் இருக்க

வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் சில வாரம் இருக்கிறது. கேட்டிலிருந்து போர்டிகோ வரையிலோ தோட்டப் பாதையிலோ ஜல்லி போட்டிருப்பவர்கள் உங்கள் ஏரியா பெயரைப் போட்டுக் கேளுங்கள். இருபது வருடமாக இந்த வேலைதான் செய்கிறேன், பெரும்பாலும் சென்னையில் ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கம்.

மடிப்பாக்கம்: அண்ணா, 40 அடி நீளம், 10 அடி அகலம். போன வருடம் ஒன்றரை யூனிட் (150 கன அடி) முக்கால் இஞ்ச் ஜல்லி கொட்டினேன். ஒரே மழையில் பாதி தெருவுக்குப் போய்விட்டது. இன்னொரு லோடு இறக்கலாமா?

இறக்காதீர்கள், அதுவும் தெருவுக்குத்தான் போகும். முதலில் இதைச் சொல்லுங்கள்: மொட்டை மாடித் தண்ணீர் இறங்குகிற குழாயின் வாய் எங்கே திறக்கிறது? ஆயிரம் சதுர அடி மாடியில் 1 செ.மீ. மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் தண்ணீர். 5 செ.மீ. கொட்டினால் 4,600 லிட்டர். அவ்வளவும் ஒரு நாலு இஞ்ச் குழாய் வழியாக ஜல்லி மேல் விழுந்தால் எந்தக் கல்லும் நிற்காது. குழாயை மழைநீர் சேகரிப்புக் குழிக்குத் திருப்புங்கள். 2003இலிருந்து அது கட்டாயம் என்பதால் உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கும்.

அப்புறம் பாதை. இருக்கிற ஜல்லியை வாரி ஓரம் போட்டுவிட்டு 7 இஞ்ச் தோண்டுங்கள். அடியை நனைத்துத் திமிசு போட்டு இறுக்குங்கள். 5 இஞ்ச் உயரத்துக்கு ஒன்றரை இஞ்ச் ஜல்லி, சந்துகளில் கிரஷர் டஸ்ட் (கல் உடைக்கிற இடத்துத் தூள்). தண்ணீர் தெளித்து பிளேட் காம்பாக்டர் (அதிர்ந்து இறுக்குகிற மெஷின்) ஓட்டுங்கள். ஒரே தடவையில் இல்லாமல் இரண்டு அடுக்காக. குதிகாலால் ஓங்கி மிதித்தால் தடம் விழக்கூடாது. அதன் மேல் அரை இஞ்ச் ஜல்லி 2 இஞ்ச் தடிமனுக்கு, அதற்கு மேல் வேண்டாம். தடிமனாகப் போட்டால் டயர் புதையும், புதைந்த தடம் வாய்க்காலாகும்.

வாட்டம், அதாவது தண்ணீர் வடிகிற சரிவு, முக்கியம். பாதையின் நடு, ஓரத்தைவிட ஒன்றரை இஞ்ச் உயர்ந்திருக்கட்டும், 10 அடி அகலத்துக்கு அது போதும். தண்ணீர் நீளவாக்கில் ஓடாமல் இரண்டு பக்கமும் வடியும். ஓரத்தில் கருங்கல்லைப் பாதி புதைத்து நடுங்கள். ஆனால் சுவர் மாதிரி தொடர்ச்சியாக வைக்காதீர்கள், ஐந்தாறு அடிக்கு ஒரு இடைவெளி வேண்டும். அடைத்துக் கட்டினால் பாதையே கால்வாயாகிவிடும். மேஸ்திரிகள் அழகுக்காக இந்தத் தப்பைத்தான் செய்கிறார்கள், கூடவே நில்லுங்கள்.

பாலவாக்கம்: எங்களுக்கு ஓடுவதில்லை, ஜல்லி மண்ணுக்குள் போய்விடுகிறது. வருடத்துக்கு ஒரு லோடு போடுகிறோம்.

கடற்கரை மணல் அப்படித்தான், கல்லும் மணலும் கலந்துவிடும். அடியில் ஜியோடெக்ஸ்டைல் துணி விரியுங்கள், தண்ணீரை விடும், மண்ணையும் கல்லையும் கலக்க விடாது. நெய்தது வேண்டாம், கம்பளி போல அழுத்தியது, 200 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 200 கிராம் எடை). துண்டுகள் ஓர் அடியாவது ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருக்கட்டும். வேளச்சேரிக் களிமண்ணுக்கும் இதே மருந்துதான்.

போரூர்: துணிக்குப் பதில் பாலித்தீன் ஷீட் போடலாமா சார்?

கூடாது. தண்ணீர் கீழே இறங்காமல் ஜல்லியைத் தூக்கிக்கொண்டு போகும்.

மயிலாப்பூர்: வெள்ளைக் கூழாங்கல் அழகாக இருக்குமே?

செடியைச் சுற்றிப் போடுங்கள், அம்மா. நடக்கிற பாதைக்கு வேண்டாம். உருண்டைக் கல் ஒன்றோடு ஒன்று பிடிக்காது. உடைத்த கல்லின் மூலைகள்தான் கோத்துக்கொண்டு நிற்கும்.

கொட்டிவாக்கம்: எதற்கு இந்தத் தலைவலி? பேவர் பிளாக் போட்டால் ஒரே வேலையாக முடிந்தது.

அடி மண் அரித்தால் பேவரும் இறங்கும். எனக்கு வருகிற பழுது வேலைகளில் பாதி அதுதான்.

அம்பத்தூர்: என் வீட்டில் எட்டு வருடமாக ஒரு பிளாக்கும் அசையவில்லை. சும்மா பயமுறுத்தாதீர்கள்.

சந்தில் என்ன இருக்கிறது, மணலா சிமெண்டா?

அம்பத்தூர்: சிமெண்ட் பால் ஊற்றினோம்.

அப்படியென்றால் அது தண்ணீர் இறங்காத தளம். உங்கள் பிளாக் அசையவில்லை, சரி. தண்ணீர் எங்கே போகிறது?

திருவான்மியூர்: நான் சொல்கிறேன். எதிர் வீட்டில் பேவர் போட்ட வருடத்திலிருந்து எங்கள் வாசலில் கணுக்கால் தண்ணீர்.

கொட்டிவாக்கம்: அதற்குத்தானே மழைநீர் வடிகால் இருக்கிறது?

வடிகால் தெருவில் விழுகிற மழைக்கு, சார். ஒரு கிரவுண்டில், அதாவது 2,400 சதுர அடியில், 10 செ.மீ. மழை பெய்தால் 22,000 லிட்டர். வீட்டுக்கு வீடு அதைத் தெருவுக்குத் தள்ளினால் எந்த வடிகால் தாங்கும்? பெசன்ட் நகரிலிருந்து நீலாங்கரை வரை காலடியில் இருப்பது மணல். ஊற்றுகிற தண்ணீரைக் குடிக்கிற மண். அதன் மேல் சிமெண்ட் பூசிவிட்டு, 2019 கோடையில் குடத்தோடு லாரிக்கு நின்றோமே, மறந்துவிட்டதா? இதில் எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கவில்லை.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். 10 அடிக்கு ஓர் அடிக்கு மேல் சரிவு இருந்தால் வெறும் ஜல்லி நிற்காது. கேட்டுச் சரிவுக்கும், வாக்கர் வைத்து நடக்கிற பெரியவர்கள் போகிற பாதைக்கும் பேவர் போடுங்கள். சந்தில் மணல் நிரப்புங்கள், சிமெண்ட் வேண்டாம்.

குரோம்பேட்டை: ஜல்லி ஓடுகிறது. என்ன செய்வது?

மாடிக் குழாயின் வாய் எங்கே திறக்கிறது?

பெரம்பூர்: சதுர அடிக்கு எவ்வளவு ஆகும்?

மண்ணைப் பார்க்காமல் சொல்ல மாட்டேன். ஜல்லி விலையை உங்கள் பக்கத்துக் கடையில் கேளுங்கள்.

நங்கநல்லூர்: ஜல்லிக்கு நடுவே கோரை முளைக்கிறது. என்ன மருந்து அடிக்கலாம்?

தோட்டக்காரரைக் கேளுங்கள், என் துறை இல்லை.

வேளச்சேரி: தார் மேல் தார் போட்டுத் தெரு எங்கள் வாசலைவிட அரை அடி உயர்ந்துவிட்டது. தெருத் தண்ணீர் உள்ளே வந்து ஜல்லியைக் கலைக்கிறது. அடுக்கு சரியாகப் போட்டால் தாங்குமா?

சாதாரண மழைக்குத் தாங்கும். கேட்டுக்கு உள்பக்கம் தெரு மட்டத்துக்கு மேல் 3 இஞ்ச் வருகிறபடி ஒரு கான்கிரீட் மேடு கட்டுங்கள், கார் ஏறுகிற மாதிரி இரண்டு பக்கமும் சரித்து. மேட்டை ஒட்டி உள்ளே குறுக்காக ஒரு சின்னக் கால்வாய், மேலே இரும்புக் கிராதி. அது குழியில் போய்ச் சேரட்டும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மாதிரி வந்தால் எந்த அடுக்கும் நிற்காது. அன்றைக்குக் காரையும் வீட்டில் இருப்பவர்களையும் மேட்டுக்குக் கொண்டுபோகிற வழியைப் பாருங்கள்.

ஆதம்பாக்கம்: அடியே அரிக்கிறதா, மேல் கல் மட்டும் நகர்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நல்ல கேள்வி, தம்பி. மழை பெய்யும்போதே குடை பிடித்துப் பாதையின் தாழ்ந்த முனையில் நில்லுங்கள். ஓடிவருகிற தண்ணீரைக் கண்ணாடித் தம்ளரில் பிடியுங்கள். முதல் அரை மணி நேரம் தூசி வரும், விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகும் அரிசி களைந்த தண்ணீர் போலக் கலங்கலாக வந்தால் டஸ்டும் மண்ணும் கரைகின்றன, அடியிலிருந்து வேலை. தெளிந்து வந்தால் மேல் கல் மட்டும்தான். வாரிப் பரப்பி, வாட்டத்தைச் சரி பார்த்தால் போதும்.

பல்லாவரம்: ஒரு லோடு ஜல்லி கூடுதலாகப் போட்டால் நிற்குமா?

மேலே மடிப்பாக்கத்துக்குச் சொன்னதைப் படியுங்கள். இந்தக் கேள்விக்கு இனிமேல் பதில் இல்லை.

மடிப்பாக்கம்: அண்ணா, இப்போதுதான் டார்ச் எடுத்துப் போய்ப் பார்த்தேன். குழாய் நேராக ஜல்லி மேலேதான் திறக்கிறது. குழியின் மூடியைத் தூக்கினால் வேப்பிலையும் சேறும் கழுத்து வரை.

இந்த ஞாயிற்றுக்கிழமை அதைத் தூர் வாருங்கள். உள்ளே இருக்கிற கல்லை எடுத்துக் கழுவித் திரும்பப் போடுங்கள். அப்புறம் குழாய் வாயில் ஒரு எல்போ (வளைவு இணைப்பு), அங்கிருந்து குழி வரை பி.வி.சி. குழாய். ஜல்லி வேலையை அடுத்த வாரம் பேசலாம்.