கார் இல்லாமல் நார்தம்பர்லாந்து: முதலில் கடலின் நேரத்தைப் பாருங்கள்

கேள்வி: ஜூலை முதல் வாரம் வடகிழக்கு இங்கிலாந்தின் நியூகாசிலில் மகளின் பட்டமளிப்பு விழா. அது முடிந்ததும் ஐந்து நாள் கையில் இருக்கிறது. நானும் மனைவியும் அறுபதைத் தாண்டியவர்கள். அவளுக்கு மூட்டுவலி. இருவரும் சைவம், கார் ஓட்டும் உத்தேசம் இல்லை. நியூகாசிலிலேயே தங்கி, கடற்கரை, கோட்டைகள், ரோமானியச் சுவர் எல்லாவற்றையும் தினமும் போய்ப் பார்த்துத் திரும்ப முடியுமா?

பதில்: பார்க்க முடியும். ஆனால் ஐந்து இரவும் நியூகாசிலில் தங்காதீர்கள். அங்கிருந்து பாம்பரோ கோட்டைக்குப் பேருந்தில் போக மட்டுமே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சுவருக்கு ஒரு நாள் நியூகாசிலிலிருந்தே போய் வாருங்கள். பிறகு அன்னிக் (Alnwick) ஊரில் இரண்டு இரவு, பெரிக் (Berwick) ஊரில் இரண்டு இரவு. (உச்சரிப்பில் ஊர்க்காரர்களைப் பின்பற்றியிருக்கிறேன். வரைபடத்தில் எழுத்துகள் கூடுதலாக இருக்கும், குழம்ப வேண்டாம்.)

இதில் பெரிக் முதலா, அன்னிக் முதலா என்பதை லிண்டிஸ்ஃபார்ன் என்கிற ஹோலி தீவுதான் முடிவு செய்யும். நிலத்திலிருந்து தீவுக்குப் போகும் சாலை தினமும் இரண்டு முறை கடலுக்குள் மூழ்கிவிடும். தண்ணீர் வடிந்த பிறகுதான் போக வர முடியும். பாதுகாப்பாகக் கடக்கும் நேரங்களை நார்தம்பர்லாந்து கவுன்டி கவுன்சில் முன்கூட்டியே இணையத்தில் வெளியிடுகிறது. நாளுக்கு நாள் அந்த நேரம் ஏறத்தாழ முக்கால் மணி நேரம் தள்ளிப்போகும். உங்கள் ஐந்து நாளில் எந்த நாளில் பகல் பொழுது திறந்திருக்கிறது என்று பாருங்கள். அந்த நாளைத் தீவுக்கு ஒதுக்கிவிட்டு, அதற்கேற்ப விடுதி பதிவு செய்யுங்கள். பலர் விடுதியை முதலில் போட்டுவிட்டுத் தீவை அப்புறம் நினைக்கிறார்கள். கடைசியில் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்புவதுதான் மிச்சம்.

பெரிக்கிலிருந்து தீவுக்குப் போகும் 477 பேருந்தும் கடலின் நேரப்படிதான் ஓடும், தினமும் கிடையாது. அது பொருந்தாவிட்டால் பெரிக்கிலேயே டாக்சி பேசிக்கொள்ளலாம். திரும்பும் நேரத்தை ஓட்டுநரிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள். மணல்வெளியில் கம்பங்கள் நட்ட பழைய யாத்திரைப் பாதை ஒன்று உண்டு. மூட்டுவலியோடு அதில் இறங்க வேண்டாம்.

தீவில் நாலு மணி நேரம் போதும். 635இல் ஸ்காட்லாந்தின் ஐயோனா தீவிலிருந்து வந்த துறவி ஏடன் இங்கே மடம் நிறுவினார். 793இல் வைக்கிங்குகள் அதைச் சூறையாடினார்கள். இன்று நிற்கும் சிவப்புக்கல் இடிபாடு அதற்குப் பல தலைமுறை பின்னால், நார்மன் காலத்தில் எழுந்த மடத்தினுடையது. பெரும்பாலும் சமதளம், மெதுவாகச் சுற்றலாம். புகழ்பெற்ற லிண்டிஸ்ஃபார்ன் சுவிசேஷ ஏடு லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது, அதைத் தேடாதீர்கள். கோட்டைக்குக் கல் பாவிய ஏற்றம் உண்டு. மனைவிக்கு முடியாவிட்டால் கீழிருந்து பார்ப்பதே அழகு.

அன்னிக்கில் இருக்கும்போது எக்ஸ்18 பேருந்து உங்களுக்குத் துணை. கிராஸ்டர், சீஹவுசஸ், பாம்பரோ என்று கரையோர ஊர்களைத் தொட்டுக்கொண்டு போகும். சீஹவுசஸிலிருந்து ஃபார்ன் தீவுகளுக்குப் படகு. பஃபின் பறவைகள் ஜூலை இறுதிக்குள் கடலுக்குப் போய்விடும், நீங்கள் சரியான நேரத்தில்தான் போகிறீர்கள். கடல் கொந்தளித்தால் படகு ரத்தாகும். அதனால் முதல் நாளே முயன்று, மறுநாளைக் கையிருப்பாக வையுங்கள். இறங்கும் தீவில் ஆர்க்டிக் ஆலாக்கள் குஞ்சுகளைக் காக்கத் தலையில் கொத்தும். தொப்பி கட்டாயம். படகில் ஏறி இறங்குவது சிரமமென்றால், கரையிறங்காமல் சுற்றிக் காட்டும் பயணமும் உண்டு.

கிராஸ்டரிலிருந்து டன்ஸ்டன்பரோ கோட்டை இடிபாட்டுக்குக் கடலோரப் புல்வெளியில் சுமார் இரண்டு கிலோமீட்டர். பேருந்து போகாது, நடந்துதான் போக வேண்டும். பாதி வழி போய் உட்கார்ந்தாலும் காட்சிக்குக் குறைவில்லை. ஊருக்குள் மீன் புகைபோடும் வாசனையைத்தான் சகித்துக்கொள்ள வேண்டும். அன்னிக் கோட்டையைவிட இந்தப் பாதைதான் எனக்குப் பிடிக்கும். கோட்டையில் ஜூலையில் கூட்டம் நெரியும்.

நீங்கள் கேட்ட ரோமானியச் சுவரான ஹேட்ரியன் சுவருக்கு நியூகாசிலிலிருந்து ஹெக்ஸம்வரை ரயில், அங்கிருந்து ஏடி122 பேருந்து. ஏடி (AD) என்றால் கி.பி.; சுவர் கட்டத் தொடங்கிய கி.பி. 122தான் பேருந்துக்கும் எண். எல்லாரும் ஹவுஸ்டெட்ஸ் கோட்டையைச் சொல்வார்கள், ஆனால் நிறுத்தத்திலிருந்து நல்ல ஏற்றம். நீங்கள் செஸ்டர்ஸில் இறங்குங்கள். ஆற்றங்கரைச் சமவெளி, ரோமானியர்களின் குளியல் கூடத்துச் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. அடுத்து விண்டோலாண்டா. 1973இல் இங்கே மெல்லிய மரச்சீவல்களில் மையால் எழுதிய கடிதங்கள் கிடைக்கத் தொடங்கின. சுமார் கி.பி. 100இல் கிளாடியா செவேரா என்ற பெண் தன் பிறந்தநாளுக்குத் தோழியை அழைத்த கடிதம் அவற்றில் ஒன்று. பெரும்பாலானவை பிரிட்டிஷ் மியூசியத்தில். சில இங்கேயே காட்சிக்கு இருக்கின்றன. அருங்காட்சியகம் பள்ளத்தில் இருப்பதால் திரும்பி ஏற நேரம் வையுங்கள். கடைசிப் பேருந்து நேரத்தைக் காலையிலேயே செல்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரிக்கில் எலிசபெத் காலத்து மதில்மேல் ஊரையே சுற்றி நடக்கலாம். ஒரு மாலைக்கு அது போதும்.

சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை. இந்தப் பக்கத்துக் கடைகள் சிலவற்றில் உருளைக்கிழங்கு சிப்ஸைக்கூட மாட்டுக்கொழுப்பில்தான் பொரிப்பார்கள். எந்த எண்ணெய் என்று கேட்காமல் வாங்காதீர்கள். சீஸ் வைத்த சுட்ட உருளைக்கிழங்கு எங்கும் கிடைக்கும், இரண்டாம் நாளே அலுக்கும். சிற்றூர்களில் சமையலறைகளைச் சீக்கிரமே மூடிவிடுவதால் ரொட்டி, பழம், தொட்டுக்கொள்ள ஒரு ஊறுகாய்ப் பாட்டில் கையோடு இருக்கட்டும்.

அறுபது தாண்டியவர்களுக்கான ‘சீனியர் ரயில்கார்டு’ வெளிநாட்டுப் பயணிகளுக்கும் உண்டு. ரயில் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். பாஸ்போர்ட்டைக் காட்டி ரயில் நிலையத்தில் வாங்கலாம். இலவசப் பேருந்து அட்டை அங்கே வசிப்பவர்களுக்கு மட்டும்.